கைதான கணினிகள்

எங்கள் வாரியத்தில் ஒரு கணினி நினைத்த மாத்திரத்தில் செத்துவிட முடியாது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் அது செத்ததாகக் கணக்கு. என் மேசைமேல் இருந்த கணினிக்கு இந்த விதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. கறுப்புத் திரையில் எனக்குப் புரியாத ஒரு வரியைக் காட்டியது. அத்துடன் போய்ச் சேர்ந்தது.

வாரியம் என்றால் செவிக்கருவி வாரியம். காது கேட்காதவர்களுக்கு இலவசமாகக் காது மெஷின் கொடுப்பதற்கென்றே ஏற்பட்டது. கீழ்த்தளத்தில் மனுதாரர்கள் உட்கார நீளமான கூடம் உண்டு. அவர்களை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். கூப்பிட்டும் எழுந்து வராதவர்களின் மனுவை 'மனுதாரருக்கு ஆர்வமில்லை' என்று எழுதி மூடிவிடுவோம். நிலுவையை விரைவாகக் குறைத்ததற்காக வாரியத்துக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்திருக்கிறது.

நான் இரண்டாவது மாடியில் ஆணைப் பிரிவில் எழுத்தர். டாக்டர் சோதித்தாகிவிட்டது, குழு சம்மதித்தாகிவிட்டது, மெஷின் கிடங்கில் தயாராக இருக்கிறது என்றாலும், 'இன்னாருக்குக் கொடுக்கலாம்' என்று ஒரு பக்க ஆணை வேண்டும். அதை அடித்து, அச்செடுத்து, கையெழுத்துக்கு அனுப்புவது என் வேலை. கையால் எழுதினால் செல்லாது. வாரியம் கணினிமயமாகிவிட்டது என்று செய்தித்தாளில் படம் வந்த நாளிலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. வாரியத்தின் பதிவில் இருக்கும் கணினியிலிருந்து வந்தால்தான் ஆணை ஆணையாகும். ஆணைப் பிரிவுக்கென்று பதிவில் இருந்தது ஒரே ஒரு கணினி, அதுதான் செத்துக் கிடந்தது.

கணினிப் பிரிவுத் தலைவருக்கு ஆள் அனுப்பினேன். ஆபீசில் அவருக்குப் பெயர் பாஸ்வேர்டு. கட்டடத்தில் உள்ள எல்லாக் கணினிகளையும் திறக்கும் பாஸ்வேர்டுகளை ஒட்டிய உறைகளில் போட்டுத் தன் சட்டைப் பையில் வைத்திருப்பார். காலையில் அவர் மேசை மேசையாக வந்து, உறையைப் பிரித்து, எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அடித்துவிட்டுப் போன பிறகுதான் யாரும் வேலையைத் தொடங்க முடியும். மனுக்கள் இருக்கும் சர்வரைத் திறக்க எங்களுக்குத் தனித்தனி பாஸ்வேர்டு உண்டு. அதை மட்டும் உறையில் போட அவர் மறந்திருந்ததால் அது எங்களுக்கே தெரியும்.

வியாழக்கிழமை வந்தார். பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தூங்குது," என்றார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து தூங்குது சார். செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்."

"நீங்க அப்படி நினைக்கக் கூடாதும்மா. செத்துச்சா தூங்குதான்னு சொல்றது என் அதிகாரம். ஒரு தடவை வந்து பாத்தா அது பார்வை. மூணு தடவை பாத்தாதான் ஆய்வு. நடுவுல ஒவ்வொரு மாசம் விடணும்."

"எதுக்கு சார் ஒரு மாசம்?"

"அது மனசு மாறலாம் இல்லையா?"

அதுவரை நான் என்ன செய்வது என்று கேட்டேன். "எதிர்லயே உக்காந்திருங்க. திடீர்னு முழிச்சுக்கிட்டா பக்கத்துல யாராவது இருக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். உட்கார்ந்திருந்தேன். கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. மேசையில் கோப்புகள் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் அதையும் மறைத்துவிட்டன.

அந்தக் குவியலில் என் தங்கச்சி மகளுடைய கோப்பும் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், தரையைத் தட்டினால் திரும்புவாள். அதனால் அந்த வீட்டில் எல்லாரும் தரையைத் தட்டித் தட்டியே பேசப் பழகியிருந்தோம். "இது பேச்சு வர்ற வயசு. காதுல விழுந்தாதான் வாயில வரும். தள்ளிப் போட்டீங்கன்னா அப்புறம் மெஷின் வந்தும் பிரயோஜனம் குறைஞ்சிடும்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கச்சி தினமும் போன் போட்டாள்.

"அக்கா, உன் மேசையில இருக்கிற பைலு உனக்கே எட்டலையா?"

"கம்ப்யூட்டர் தூங்குதுடி."

"எழுப்பித் தொலையேன்."

"எழுப்புற அதிகாரம் எனக்கு இல்ல."

இதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. வாரியத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தால் வாரியம் பேசுகிற மாதிரியே நமக்கும் வாய் வந்துவிடுகிறது. அவள் போனை வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறவர். இன்று ஒரு ஸ்டுடியோ, நாளை ஒரு ஸ்டுடியோ. எங்கே போனாலும் சீட்டுக்கட்டு அளவில் ஒரு டிஸ்க் அவர் சட்டைப் பையில் இருக்கும். என் புலம்பலைப் பொறுக்கமாட்டாமல் அதை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுக்குள்ளயே கம்ப்யூட்டரை ஓட்டுற ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு. என் சாமான் மொத்தமும் இதுலதான். எந்தப் பொட்டி கிடைச்சாலும் இதைச் சொருகி, ஆன் பண்றப்ப ஒரு பட்டனை அமுக்கி, 'இதுலேர்ந்து ஓடு'ன்னு சொல்லிட்டாப் போதும். அந்தப் பொட்டிக்குள்ள இருக்கிற டிஸ்க் செத்திருந்தா என்ன, உயிரோட இருந்தா என்ன? அதை இது தொடாது. உருவிட்டா பொட்டி பழையபடி அதோட சோலியைப் பாத்துக்கிட்டுப் போகும்."

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

"புரிய வேணாம். எந்தப் பட்டன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்க."

வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு டிஸ்க்கில் எனக்கும் அதேபோல் ஒன்றைப் போட்டுத் தந்தார். திறந்ததும் திரை முழுக்கத் தெரிகிற மாதிரி தங்கச்சி மகள் பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கும் படத்தை வைத்தார். மறுநாள் அதைச் சொருகி, சொன்ன பட்டனை அமுக்கினேன். நான்கைந்து மூச்சு விடுவதற்குள், தூங்குவதாகப் பதிவாகியிருந்த கணினியில் அவள் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

அப்புறம் நான் நிமிரவில்லை. ஆணைமேல் ஆணையாக அடித்துத் தள்ளினேன். கையெழுத்துப் போடுகிறவர் எதையும் படிப்பதில்லையாதலால் தடங்கல் இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் குவியல் கரைந்துவிட்டது. தங்கச்சி மகளின் கோப்பை நான் முன்னுக்கு இழுக்கவில்லை, அது இருந்த இடத்திலேயே அதன் முறை வந்தபோதுதான் எடுத்தேன். அந்த நேர்மைக்கு வாரியம் என்ன மரியாதை செய்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

மெஷின் வந்தது. பாப்பாவின் காதில் மாட்டியதும் முதலில் பயந்து அழுதாள். பிறகு குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்டிருக்கிறது. வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சொட்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் கத்தினாள். குழாயைச் சரிசெய்ய வந்தவரைத் தங்கச்சி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

என்னை மாட்டிவிட்டது என் மேசைதான். கண்காணிப்பாளர் அம்மா வழக்கம்போல் அந்தப் பக்கமாக வந்தவர், மேசையின் மரத்தைப் பார்த்துப் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

"ஏம்மா, பைலெல்லாம் எங்க?"

"முடிச்சிட்டேன் மேடம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "யாரைக் கேட்டு முடிச்சீங்க? மேசை இப்படி மொட்டையா இருந்தா மேல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? இந்தப் பிரிவே வேணாம்னுட்டா? இத்தனை பேரு இங்க எதை நம்பி உக்காந்திருக்கோம்?"

அன்று மத்தியானமே விசாரணைக் குழு போட்டார்கள். கண்காணிப்பாளர் அம்மா, பாஸ்வேர்டு, மீட்புப் பிரிவு அதிகாரி ஆகிய மூன்று பேர். மீட்புப் பிரிவு என்பது தவறாகக் கொடுத்த மெஷின்களைத் திரும்ப வாங்குகிற பிரிவு. வாரியத்திலேயே சுறுசுறுப்பான பிரிவும் அதுதான். அதன் அதிகாரி எதை வாங்கினாலும் ரசீது கொடுப்பார், யாராவது வணக்கம் சொன்னால்கூட ரசீது கொடுப்பார் என்று பேச்சு. ரசீது என்றே அவரைக் கூப்பிடுவோம்.

பாஸ்வேர்டுதான் ஆரம்பித்தார். "என் முதல் பார்வையில இந்தக் கம்ப்யூட்டர் தூங்குது. ரெண்டாவது பார்வை இன்னும் நடக்கல. அப்ப பதிவுப்படி இந்த நிமிஷமும் இது தூங்கிக்கிட்டுதான் இருக்கு. தூங்குற கம்ப்யூட்டர் எப்படிம்மா ஆணை போடும்?"

நான் ஒளிவுமறைவு இல்லாமல் டிஸ்க்கை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். "இதுலேர்ந்துதான் சார் ஓட்டினேன். வெளியிலேர்ந்து சொருகுறது."

பாஸ்வேர்டு அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். ஒயரைப் பிடித்து ஆட்டினார். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இது வெளிய தொங்குற சாமான். இது நம்ம பதிவுலயே இல்ல. குற்றம் நடந்திருக்கிறது பொட்டிக்குள்ள. நீங்க விசாரணையைத் திசை திருப்பாதீங்க."

"சார், பொட்டிக்குள்ள ஒண்ணுமே நடக்கல. எல்லாம் இதுலதான்..."

"நான் கணினிப் பிரிவுத் தலைவரா, நீங்க கணினிப் பிரிவுத் தலைவரா?"

டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ரசீது தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "வேலை முடிஞ்சதை நாங்க குற்றம்னு சொல்லல. முடிய வாய்ப்பில்லாத வேலை முடிஞ்சிருக்கே, அதுதான் குற்றம். தூங்குற கம்ப்யூட்டர் போட்ட ஆணை, கனவுல போட்ட ஆணை மாதிரி. அதனால அந்த ஆணைங்க எதுவும் செல்லாது. செல்லாத ஆணைக்குக் கொடுத்த மெஷின் தவறா கொடுத்த மெஷின். என் பிரிவு திரும்ப வாங்கிடும்."

என் கணினிப் பெட்டியைச் சாட்சியாகக் கைப்பற்றினார்கள். சாம்பல் நிறத் துணியால் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு உருக்கி ஊற்றி, வாரியத்தின் முத்திரையைக் குத்தினார்கள். முத்திரையில் ஒரு காது இருக்கும். இரண்டு ஊழியர்கள் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, சாட்சிப் பொருள்களைப் பூட்டி வைக்கும் சான்றறைக்குப் போக, பாஸ்வேர்டு பின்னால் தலைகுனிந்து நடந்தார். உள்ளே ஒன்றுமே இல்லாத பெட்டிக்கு அவ்வளவு மரியாதை.

இரண்டு நாள் கழித்து ரசீது தங்கச்சி வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். பாப்பா வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், டாக்டரே சொல்லியிருக்காரு, இப்ப விட்டா பேச்சு வராதுன்னு," என்றாள் தங்கச்சி.

"நாங்க மெஷின் வேணாம்னு சொல்லலையேம்மா. முறைப்படி வரட்டும்னுதான் சொல்றோம். இத்தனை வருஷம் கேக்காமதானே இருந்துச்சு? இன்னும் கொஞ்ச நாள் பழகிக்கும்."

சொல்லிக்கொண்டே குனிந்து, அவரே அதைப் பாப்பாவின் காதிலிருந்து கழற்றினார். பாப்பா முதலில் அவரைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஏன் சத்தம் நின்றுபோயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. வாளிக்குள் கையை விட்டுத் தண்ணீரை அடித்து அடித்துப் பார்த்தாள். ரசீது ஒரு ரசீது எழுதி, கிழித்து, ஈரமான அந்தக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உன் ஆபீஸ்தானே அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சாப்பாடு இறங்காத அளவுக்குக் கோபம். அவர்கள் ஒவ்வொருவரையும் ஏதாவது செய்ய வேண்டும், அவர்கள் வயிறும் எரிய வேண்டும் என்று இருந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அதையும் வாரியமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

எனக்கு உட்கார இடமில்லாததால் தபால் பிரிவில் லீவில் போயிருந்த ஒருவரின் கணினியைத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். பாஸ்வேர்டு மேசை மேசையாக வந்து சேரக் கால்வாசி நாள் ஆகும். அவருக்காகக் காத்திருப்பானேன் என்று டிஸ்க்கைச் சொருகி அந்தப் பட்டனை அமுக்கினேன். பாப்பா சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கண்காணிப்பாளர் அம்மா உள்ளே வந்தார்.

"ஐயையோ! அதே படம்!"

பாஸ்வேர்டு ஓடிவந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பரவிடுச்சு," என்றார். "ஆணைப் பிரிவுலேர்ந்து ஒயர் வழியா வந்திருக்கு. யாரும் தொடாதீங்க. இதையும் கைது பண்ணணும்."

துணி வந்தது, நூல் வந்தது, அரக்கு வந்தது. "ஆன் பண்ணிப் பாத்தீங்கன்னா..." என்று நான் ஆரம்பித்ததும், "சாட்சியை ஆன் பண்ணக் கூடாது!" என்று கத்தினார். நான் டிஸ்க்கை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் கண்ணெதிரேதான் போட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்தக் குறையும் இல்லாத நல்ல கணினி அது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எந்தக் கணினியில் உட்காருகிறேனோ அது கைதாகிவிடும். இனி எங்கே உட்காருவது என்பதை நான் முடிவு செய்துகொண்டால் போதும்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போனேன். நேரே மீட்புப் பிரிவு. ரசீது வந்து பார்க்கும்போது அவர் நாற்காலியில் நான் இருந்தேன், அவர் திரையில் பாப்பா இருந்தாள்.

"யாரு இந்தப் பிள்ளை?" என்றார்.

"நீங்க பாத்த பிள்ளைதான் சார்."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். சத்தியமாக அவருக்கு நினைவு வரவில்லை. அது எனக்கு இன்னும் நல்லதாகப் போயிற்று, மிச்சம் மீதி இருந்த இரக்கமும் அத்தோடு ஒழிந்தது. பாஸ்வேர்டு வந்து அரக்கு ஊற்றும்போது ரசீது கெஞ்சினார். "யோவ், அதுலதான் எல்லா மீட்பு நோட்டீசும் இருக்கு. எடுத்துட்டுப் போறதுன்னா ஒரு ரசீதாவது குடுத்துட்டுப் போய்யா."

"கைதுக்கு ரசீது கிடையாது," என்றார் பாஸ்வேர்டு. கணினி போயிற்று. நோட்டீஸ் அச்சாகாமல் மீட்பு நடக்காது என்பதால், அந்த நிமிஷத்தோடு மெஷின்களைப் பிடுங்குவது நின்றது. பாப்பாவுடையது போனது போனதுதான், ஆனால் வரிசையில் அடுத்து இருந்தவர்கள் காதில் மாட்டியது மாட்டியபடி தப்பித்தார்கள்.

அடுத்து கண்காணிப்பாளர் அம்மாவின் கணினி. அதில் அவர் ஆடிக்கொண்டிருந்த சீட்டாட்டம் பாதியில் நின்றுபோனது என்று என்னிடம் வாய்விட்டே வருத்தப்பட்டார். அதற்கடுத்து கணக்குப் பிரிவு. நான் ஒரு கணினிமுன் உட்கார்ந்த மறுநொடி, பின்னால் அரக்கு வாசனை வரும். சில நாளில் ஆட்களே என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "அக்கா, பொண்ணுக்குப் பரீட்சை வருது, ஒரு வாரம் நிம்மதியா இருக்கணும். நம்ம கம்ப்யூட்டர்லயும் ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போயிடுங்களேன்," என்று பரிசோதனைப் பிரிவுக்காரர் காதோடு சொன்னார். அவருக்கு நான் உதவவில்லை. இது பழிவாங்கல், சேவை இல்லை.

ஒரு நாள் பாஸ்வேர்டின் அறைக்கே போனேன். அவர் கைகழுவப் போயிருந்த நேரம். திரும்பி வந்தவர் தன் திரையில் பாப்பாவைப் பார்த்தார். நான் டிஸ்க்கை உருவுவதையும் பார்த்தார். அப்போதாவது புரியும் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியது. "சட்டத்துக்கு முன்னால நானும் மத்தவங்களும் ஒண்ணுதான்," என்று சொல்லி, தன் கணினியைத் தானே துணியில் சுற்றி, தானே அரக்கு ஊற்றினார். விரலைச் சுட்டுக்கொண்டார்.

கடைசியில் கட்டடம் முழுவதும் மேசைகளில் தூசி படியாத சதுரங்கள் மட்டும் மிஞ்சின. அந்தச் சதுரங்களுக்கு எதிரே எல்லாரும் தவறாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாரியத் தலைவர் என்னை மேலே வரச் சொல்லி ஆளனுப்பினார்.

தலைவர் அறையில் வெல்வெட் துணி போர்த்தி ஒரு கணினி உண்டு. முந்தைய தலைவர் தானே ஒரு பாஸ்வேர்டை வைத்து, எந்த உறையிலும் போடவிடாமல் அதைப் பூட்டியிருந்தார். ஓய்வுபெற்றபோது அதைச் சொல்லாமலே போய்விட்டார். அன்றிலிருந்து அது அந்த அறைக்கு அழகுக்காக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தலைவர் சிவந்த முகத்துடன் உட்கார்ந்திருந்தார். விசாரணைக் குழு மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சதுலேர்ந்து எதுக்கும் ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்ல," என்றார் தலைவர். "எத்தனையோ பேரு வந்து அழுதிருக்காங்க, கெஞ்சியிருக்காங்க. நாங்க அசைஞ்சதே இல்ல. அப்படிப்பட்ட இடத்தை நீங்க நாசம் பண்ணிட்டீங்க. உங்களை இந்த நிமிஷமே டிஸ்மிஸ் பண்றேன்."

வேலை போனால் வீட்டில் கஷ்டம்தான். ஆனால் படியேறும்போதே நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

"சரி சார். ஆணையைக் குடுங்க, போயிடறேன்."

தலைவர் பாஸ்வேர்டைப் பார்த்தார். பாஸ்வேர்டு தரையைப் பார்த்தார். ஆணை என்றால் பதிவில் உள்ள கணினியிலிருந்து வர வேண்டும். பதிவில் உள்ளவை எல்லாம் அரக்கு முத்திரையோடு சான்றறையில் இருந்தன. சான்றறையைத் திறக்கவும் ஓர் ஆணை வேண்டும்.

"இந்தக் கம்ப்யூட்டர் பதிவுல இருக்கு இல்ல?" என்று தலைவர் வெல்வெட்டைக் காட்டினார்.

"இருக்கு சார். திறக்கிறதுக்குத்தான்... அது பழைய தலைவருக்குத்தான் தெரியும்."

"நான் வேணா ஓட்டித் தரட்டுமா சார்?" என்றேன். கைப்பையிலிருந்து டிஸ்க்கை எடுத்தேன். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். வெல்வெட்டை விலக்கி, சொருகி, பட்டனை அமுக்கினேன். கட்டடத்திலேயே பெரிய திரை அதுதான். பாப்பா ஆளுயரத்துக்குச் சிரித்தாள். என்னுடைய டிஸ்மிஸ் ஆணையை நானே அடித்தேன். அடித்து முடித்துவிட்டு அச்செடுக்காமல் கையை எடுத்துக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம் சார். இப்படி ஓட்டின கம்ப்யூட்டர்லேர்ந்து வர்ற ஆணை செல்லாதுன்னு குழு தீர்ப்புச் சொல்லியிருக்காங்க. அப்ப இதுவும் செல்லாதே? நாளைக்கும் நான் வேலைக்கு வரணுமே? வேற எங்கயும் கம்ப்யூட்டர் இல்லாததால இங்கதான் வந்து உக்காரணும்."

தலைவர் தன் கணினியைப் பார்த்தார், வெல்வெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப செல்லும்னு போடு!"

"எது சார் செல்லும்?"

"எல்லாம் செல்லும்! இப்படி ஓட்டி இதுவரைக்கும் வந்தது, இப்ப வர்றது, எல்லா ஆணையும் செல்லும்னு முதல்ல ஒண்ணு போடு. அதுக்கடுத்து உன் டிஸ்மிஸ்ஸைப் போடு. தொலைஞ்சு போ!"

ரசீது பதறிப்போய் முன்னால் வந்தார். "சார், சார், அப்படிப் போட்டா நாம திரும்ப வாங்கின காது மெஷினையெல்லாம் திருப்பிக் கொடுக்கணும் சார்."

"காது மெஷினாய்யா இப்ப முக்கியம்?" என்று செவிக்கருவி வாரியத் தலைவர் கத்தினார்.

நான் அடித்தேன். முந்தைய ஆணைகள் அனைத்தும் செல்லும், மீட்கப்பட்ட கருவிகளை உரியவர்களிடம் இன்றே ஒப்படைக்க வேண்டும் என்று முதல் தாள். என்னை வேலையை விட்டு நீக்குவது இரண்டாவது தாள். என் உத்தியோகத்தில் இவ்வளவு ஆசையாக எதையும் நான் அடித்ததில்லை. தலைவர் இரண்டிலும் தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நான் டிஸ்க்கை உருவினேன். பாப்பா மறைந்து, முந்தைய தலைவரின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பெட்டி நின்றது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வாசல்வரை போயிருப்பேன். பாஸ்வேர்டு பின்னாலேயே ஓடிவந்தார். "அம்மா, போறதுக்கு முன்னாடி சான்றறையைத் திறக்கிறதுக்கு ஒரே ஒரு ஆணை..."

"நான் டிஸ்மிஸ் ஆனவ சார். நான் அடிச்சா நல்லா இருக்காது," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று என் காலுக்குத் தனித் தெம்பு இருந்தது.

கிடங்குக்காரர் முதல் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மீட்டு வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் அப்போதே வண்டியில் ஏற்றச் சொன்னார். பாப்பாவுடையதை என் கையில் கொடுத்தார். தங்கச்சி வீட்டுக்குப் போய் நானே பாப்பாவின் காதில் மாட்டினேன். இந்த முறை அவள் அழவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. குழாய்ப் பக்கமும் போகவில்லை. அந்த மெஷினை அவள் நம்பத் தயாராக இல்லை என்று தோன்றியது.

"அது என்னக்கா கையில பேப்பரு?" என்றாள் தங்கச்சி.

"என் டிஸ்மிஸ் ஆர்டர்."

தங்கச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்களுக்காகவா? மாமாகிட்ட என்னக்கா சொல்லுவ? ஐயோ, இனிமே என்ன பண்ணுவ?"

"இதுக்குப் போய் அழுவாங்களா? இதுக்கு இருக்கிற மதிப்பு என்னன்னு பாரு," என்று சொல்லி, அவள் எதிரிலேயே அந்தத் தாளை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகக் கிழித்தேன்.

பாப்பா சட்டென்று திரும்பினாள். யாரும் தரையைத் தட்டவில்லை. என் கையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். எழுந்து வந்து, கிழிந்த பாதியை என் விரல்களுக்குள் திணித்து, கிழி என்பதுபோல் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். கிழித்தேன். வாய்விட்டுச் சிரித்தாள். மறுபடியும் திணித்தாள். 'பணிநீக்கம்' போயிற்று, 'ஒழுங்கீனம்' போயிற்று, 'கட்டடத்துக்குள் நுழையத் தடை' போயிற்று. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலைவரின் கையெழுத்து இருந்த துண்டை மட்டும் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தேன். அதை அவளிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ரசித்து ரசித்து அவளே கிழித்தாள்.